திங்கட்கிழமையிலிருந்து ஸ்கூல் (மயூர் விகார் தமிழ்க் குடும்பங்கள் குழு)

கவிதா: பையன் டிஸ்சார்ஜ் ஆயிட்டான். டைப் 1 சுகர்னு சொல்லிட்டாங்க, தினமும் இன்சுலின் ஊசி போடணும். மூணாம் கிளாஸ், 25 கிலோ. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பணும். மிஸ்கிட்ட என்ன சொல்லணும்?

ரேவதி அக்கா: முதல்ல டாக்டர்கிட்ட ஸ்கூலுக்குன்னு தனியா ஒரு பக்கம் எழுதி வாங்கு கவிதா. டிஸ்சார்ஜ் சம்மரி மிஸ்ஸுக்குப் புரியாது. மதியம் எத்தனை யூனிட் இன்சுலின், லோ ஆனா (சுகர் ரொம்ப இறங்கிட்டா) என்ன குடுக்கணும், யாருக்கு போன் பண்ணணும், அவ்வளவுதான். கிளாஸ் மிஸ், மெடிக்கல் ரூம், பஸ்ல வர்ற தீதி, பி.டி. சார் நாலு பேருக்கும் காப்பி குடு. பி.டி. சாரைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க, லோ வர்றது அந்தப் பீரியட்லதான்.

கவிதா: லோ ஆனா மெடிக்கல் ரூமுக்கு அனுப்பிடுறோம்னு மேடம் சொல்றாங்க அக்கா

ரேவதி அக்கா: அதை மட்டும் ஒத்துக்காதே! சுகர் 70க்குக் கீழ இருக்கிற பிள்ளையைப் படி இறங்க விடவே கூடாது. நடந்தா இன்னும் இறங்கும், வழியில மயங்கினா யாருக்கும் தெரியாது. உட்கார்ந்த இடத்துலயே குளுக்கோஸ் பவுடர் தண்ணியில கலந்து குடுக்கணும். கிலோவுக்கு 0.3 கிராம் கணக்கு, அவனுக்கு 7-8 கிராம், தலைதட்டி 2 டீஸ்பூன் வரும். டாக்டர் கையால எழுதி வாங்கிடு. 15 நிமிஷம் கழிச்சு சுகர் டெஸ்ட், ஏறலைன்னா மறுபடி அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாத்தான் ஏத்தும்.
வேர்வை, கைநடுக்கம், திடீர்னு அழுகை, கேட்டா பதில் சொல்லாம முழிக்கிறது: சுகர் மீட்டர் கையில இல்லைன்னா டெஸ்டுக்குக் காத்திருக்காம குடுத்துடணும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 112க்கு போன் பண்ணணும்.

சுந்தரி டீச்சர்: டெஸ்டுக்கு விரல் குத்துறதுக்கு முன்னாடி கை கழுவணும்மா. மாம்பழம் தொட்ட விரல்ல தப்பா கூடுதலா காட்டும், லோவே தெரியாம போயிடும்.

முரளி மாமா: டெல்லி மே மாசத்துல இன்சுலின் பேனா (பேனா மாதிரி இருக்கிற ஊசி) ஸ்கூல் பையோட வெளிப் பாக்கெட்ல இருந்தா கெட்டுடும். 30 டிகிரிக்குள்ள இருக்கணும். அதுக்காக ஐஸ் பேக்கை ஒட்டியும் வைக்காதீங்க, உறைஞ்சாலும் வீண். நடுவுல ஒரு துண்டு சுத்துங்க. பிரிச்ச தேதியை எழுதி இன்சுலின் பேனா மேலயே ஒட்டுங்க, பெரும்பாலான பேனாவுக்கு 28 நாள்தான்.

கவிதா: மதிய ஊசி அவனே போட்டுப்பான் மாமா

ரேவதி அக்கா: போடட்டும், ஆனா பேனாவுல அவன் திருப்பி வெச்ச யூனிட் நம்பரைப் பெரியவங்க ஒருத்தர் பார்க்கணும். ஊசி போட்டுட்டு சாப்பாட்டு டப்பாவை முக்கால்வாசி மிச்சம் வெச்சா கொஞ்ச நேரத்துல லோ. பாட்டு கிளாஸ் போயிடும்னு அவசரப்படுத்தாம சாப்பிட விடச் சொல்லு.

சுந்தரி டீச்சர்: சுகர் ஏறினா அடிக்கடி பாத்ரூம் கேட்பான். விளையாட்டுத்தனம்னு நிறுத்தக் கூடாது, தண்ணி பாட்டில் டெஸ்க்லயே இருக்கட்டும். ஸ்கூல் தயங்கினா, 2017லயே சிபிஎஸ்இ போர்டு எக்ஸாம் ஹாலுக்குள்ள டைப் 1 பிள்ளைங்க பழம், சர்க்கரை மாத்திரை கொண்டு போக அனுமதிச்சதைச் சொல்லும்மா.

முரளி மாமா: குத்தின ஊசி ஸ்கூல் குப்பைத்தொட்டியில விழக் கூடாது. மூடி இறுக்குற கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு குடுத்து விடு, நிறைஞ்சதும் ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம்.