மறு: ஸ்டார்ம் சர்ஜ் – புயல் அலையா, கடல் கொந்தளிப்பா, வேறு சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நான் தமிழில் எழுதிவரும் அமெரிக்கப் புயல்கள் பற்றிய கட்டுரையில் மூன்று பட்டியல்கள் வருகின்றன: மிக வலுவானவை, மிகுந்த பொருட்சேதம் செய்தவை, மிகுந்த உயிர்ப்பலி வாங்கியவை. பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. ஹரிகேனுக்கு, அதாவது அட்லாண்டிக் பக்கத்துக் கடும்புயலுக்கு, 'புயல்' என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தச் சண்டையை இங்கே ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டோம். 2012-இல் சாண்டி நியூஜெர்சிக் கரையைத் தொட்டபோது கணக்குப்படி அது ஹரிகேனாகவே இல்லை. ஆனாலும் சேதப் பட்டியலில் அதை விட முடியாது. அதனால் பொதுவான சொல்தான் தாங்கும். லேண்ட்ஃபாலுக்கு வானொலி கொடுத்த 'கரையைக் கடத்தல்' இருக்கிறது.

மாட்டிக்கொண்டது ஸ்டார்ம் சர்ஜில், அதாவது புயல்காற்று தள்ளுவதால் நீர்மட்டம் உயர்வதில். இதுவரை வந்தவை புயல் அலை, கடல் கொந்தளிப்பு, கடல் சீற்றம், ஆழிப்பேரலை, கடலேற்றம். இவற்றில் எது நிற்கும் என்று பார்க்க அந்தப் பட்டியல்களையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

முதலில் 'அலை'. 1900 செப்டம்பர் 8, டெக்சஸின் கால்வெஸ்டன் தீவு. அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் கொண்டுபோன புயல் இதுதான். 8,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தீவின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் ஒன்பது அடிக்குள்தான். வந்த நீர் பதினைந்து அடிக்கும் மேல். அங்கே வானிலை அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் ஐசக் கிளைன். அன்று மாலை தன் வீட்டு வாசலில், பாதி திறந்த கதவருகே நின்றபடி தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே அறிக்கையில் எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் எட்டு அங்குலம் தண்ணீர். திடீரென்று நான்கு நொடியில் நான்கு அடி ஏறியது. கால் மாற்றி நிற்பதற்குள் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. இத்தனைக்கும் 1891-இல், இந்த ஊருக்குக் கடற்சுவர் தேவையில்லை என்று பத்திரிகையில் எழுதியவரும் இவரேதான். அன்றிரவு அவர் வீடு இடிந்தது, மனைவி இறந்துபோனார்.

இதில் பார்க்க வேண்டியது, அந்தத் தண்ணீர் வந்து மோதித் திரும்பிப் போகவில்லை. ஏறியது, ஏறிய மட்டத்திலேயே மணிக்கணக்கில் நின்றது. அதன் முதுகின் மேல்தான் அலைகள் அடித்தன. 'புயல் அலை' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் ஒரு பெரிய அலைதான் எழும். கரையில் இருப்பவர் அலை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். கால்மாட்டில் தண்ணீர் கூடுவதைப் பொருட்படுத்த மாட்டார். எச்சரிக்கையில் இடம்பெறப்போகிற சொல்லுக்கு இது பெரிய குறை. 'ஆழிப்பேரலை' 2004-க்குப் பிறகு சுனாமிக்கே சொந்தமாகிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

கொந்தளிப்பு, சீற்றம் இரண்டும் தினசரிச் சரக்கு. 'கடல் சீற்றத்துடன் காணப்படும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று மாதத்துக்கு நாலு முறை படிக்கிறோம். அதே சொல் ஊரைக் காலிசெய்யச் சொல்லவும் வந்தால் எவர் எழுந்து போவார்?

அடுத்தது 'கடலேற்றம்'. முதலில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடற்கரை ஊர்களில் 'கடல் ஏறிடுச்சு' என்று சொல்வார்கள், கேட்டவுடன் விளங்குகிறது. ஆனால் உயிர்ப்பலிப் பட்டியலில் உள்ள இன்னொரு புயலிடம் இது விழுந்துவிடுகிறது. 1928 செப்டம்பரில் ஃபுளோரிடாவில் புயல் கரை கடந்து உள்ளே போனது. அங்கே ஒக்கிச்சோபி என்ற பெரிய ஏரி, தென்கரையில் தாழ்வான மண்கரை. வடக்கிலிருந்து வீசிய காற்று ஏரியின் தண்ணீரையே தெற்கே தள்ளிக் குவித்து, கரையை உடைத்து, பெல் கிளேட் பக்கத்துப் பண்ணைகளுக்குள் இறக்கியது. குறைந்தது 2,500 பேர். பெரும்பாலும் கறுப்பினப் பண்ணைக் கூலிகள். பலரை அடையாளம்கூடக் காணாமல் பொதுக்குழியில் புதைத்தார்கள். அங்கே கடலே இல்லை. ஆனால் வானிலையாளர்கள் அதையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள், ஏனென்றால் நடந்தது அதே வேலை: காற்று தண்ணீரைத் தள்ளி ஒரு பக்கம் மட்டத்தை உயர்த்துகிறது. ஆகவே சொல்லில் 'கடல்' வரக்கூடாது, 'புயல்' வரலாம். என் பரிந்துரை புயலேற்றம்.

காரணத்தைப் பற்றியும் ஒரு வரி கட்டுரையில் வேண்டும். புயல் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் உறிஞ்சப்பட்டு உயர்கிறது என்று பல தமிழ்க் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். அது சின்னப் பங்குதான். ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 2005-இல் காட்ரினா புயல் கரை கடந்தபோது அழுத்தம் 920 மில்லிபார். அந்தக் கணக்கில் ஒரு மீட்டர்கூட வராது. மிசிசிப்பியின் பாஸ் கிறிஸ்டியனில் ஏறியதோ எட்டரை மீட்டர், அதாவது 28 அடியை ஒட்டி. மீதி முழுவதும் காற்று தள்ளியது, ஆழமற்ற கடலடி தூக்கிக் கொடுத்தது.

இந்தக் காட்ரினா கரையைத் தொட்டபோது, காற்றின் வேகப்படி ஒன்று முதல் ஐந்து வரை போகும் சாஃபிர்–சிம்சன் அளவுகோலில், 3-ஆம் வகைதான் என்பதையும் கவனியுங்கள். 2008-இல் ஐக் 2-ஆம் வகை, ஏற்றம் 15 முதல் 20 அடி. 2004-இல் சார்லி 4-ஆம் வகை, ஏற்றம் எட்டு அடிக்குள். காற்றின் வகை எண்ணும் ஏற்றமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதால்தான் 2010-இல் அமெரிக்க வானிலையாளர்கள் அந்த அளவுகோலிலிருந்து ஏற்றத்தை எடுத்துவிட்டார்கள். 2017 முதல் அதற்குத் தனி எச்சரிக்கையே வருகிறது. அவர்கள் தனியாகப் பிரித்துவிட்டார்கள், நாம் இன்னும் 'பலத்த காற்றுடன் கடல் சீற்றம்' என்று ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

----------

நாகப்பட்டினத்திலிருந்து:

> அந்தத் தண்ணீர் வந்து மோதித் திரும்பிப் போகவில்லை

தம்பி, நான்கு நொடியில் நான்கு அடி என்றால் வாசலில் நிற்கிற மனுஷனுக்கு அது அலைதான். அறிவியல் வேறாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரிவதைத்தான் சனங்கள் சொல்லாக்குவார்கள். தனுஷ்கோடி 1964 பற்றி யாரைக் கேட்டாலும் 'ராட்சச அலை ரயிலை அடித்துக்கொண்டு போனது' என்றுதான் சொல்வார்கள். டிசம்பர் 22 இரவு பாம்பன் பாசஞ்சர் போனதும் நீங்கள் சொல்லும் இதே ஏற்றத்தில்தான்.

இன்னொன்று. 'ஏற்றம்' என்றால் விலையேற்றம், கிணற்று ஏற்றம், பழைய பாடநூலில் ஏற்றவற்றம். எல்லாம் ஏற்கெனவே குடியிருக்கிற வீடு. கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதற்குப் பாடநூலில் 'ஓதம்' இருக்கிறதே, 'புயல் ஓதம்' என்று போட்டால் என்ன? முன்பு ஒருவர் 'புயல் நீரேற்றம்' என்றார். அதற்கு மட்டும் என் ஓட்டு இல்லை. குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையம்தான் ஞாபகம் வருகிறது.

----------

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணா, ஓதத்தை எங்களுக்குப் பாடத்தில் வற்றுப்பெருக்கு என்றுதான் படிப்பித்தவை. 1978 மட்டக்களப்பில் வந்ததைச் சூறாவளி என்றுதான் இன்றும் கதைக்கிறோம், என்றாலும் 'புயல்' எல்லோருக்கும் விளங்கும், அதில் ஆட்சேபம் இல்லை. 'ஏற்றம்' கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது. 'புயற்பெருக்கு' என்றால் தண்ணீர் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். யோசித்துப் பாருங்கோ.

----------

இருவருக்கும் நன்றி.

நாகை அண்ணன் சொன்ன தனுஷ்கோடி ரயிலுக்கு அமெரிக்கப் பட்டியலில் ஓர் இணை உண்டு. வலிமைப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது 1935 தொழிலாளர் தினப் புயல். அழுத்தம் 892 மில்லிபார், காற்று மணிக்கு 295 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் நெடுஞ்சாலை போட வந்திருந்த முதல் உலகப்போர் முன்னாள் வீரர்களை மீட்க மயாமிப் பக்கத்திலிருந்து ஒரு ரயிலை அனுப்பினார்கள். அது தாமதமாகக் கிளம்பி இஸ்லமொராடா போய்ச் சேர்ந்த நேரத்தில் நீர் ஏறியது. பெட்டிகள் எல்லாம் தண்டவாளத்திலிருந்து புரண்டன. எஞ்சின் மட்டும் நின்றது. நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ரயில் பாதையை அதன்பிறகு அவர்கள் திரும்பப் போடவே இல்லை. அங்கே உயிர்தப்பியவர்களும் சுவர்போல் வந்தது என்று சொல்லியிருக்கலாம், மறுக்கவில்லை. நினைவுகூரும்போது 'அலை' இருக்கட்டும். எச்சரிக்கும்போது வேண்டாம் என்பதுதான் என் பக்கம்.

'புயல் ஓதம்' நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்டார்ம் டைடு என்று இன்னொன்று உண்டு. புயல் தள்ளிய உயரத்தோடு அந்த நேரத்து ஓதத்தின் உயரத்தையும் கூட்டி வருவது அது. அதற்கு 'புயல் ஓதம்' கச்சிதமாகப் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், 'ஏற்றம் பத்தடி, ஓதம் உச்சத்தில் இருந்தால் பன்னிரண்டு' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது. என் பாட்டி ஊரில் ஓதம் என்றால் சுவரில் ஊறும் ஈரம் என்பது தனிக்கதை.

புயற்பெருக்கில் எனக்குத் தயக்கம் ஹார்வி புயலால். 2017-இல் டெக்சஸில் நின்ற இடத்திலேயே நின்று கொட்டியது. அங்கே நெடர்லேண்ட் என்ற ஊரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் மழை. சேதம் 12,500 கோடி டாலர். அந்தந்த ஆண்டு விலையில் காட்ரினாவும் அதுவும் சமம், பணவீக்கத்தைச் சேர்த்தால் காட்ரினா முந்துகிறது. ஹார்வியின் சேதம் பெரும்பாலும் மழைவெள்ளத்தால் வந்தது. 'பெருக்கு' என்றதும் ஆற்றுப்பெருக்கு, ஆடிப்பெருக்கு என்று நம் மனம் மேலிருந்து வரும் நீருக்குப் போகிறது. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் புயலால் நேரடியாக இறந்தவர்களில் பாதிப் பேரைக் கொன்றது ஏற்றம். அடுத்த பத்தாண்டில் மழைவெள்ளம் அதை முந்திவிட்டது. இந்த ஒப்பீட்டையே எழுத வேண்டும் என்றால் பெருக்கு ஒரு பக்கம், ஏற்றம் ஒரு பக்கம் தெளிவாகப் பிரிந்து நின்றாக வேண்டும்.

'ஏற்றம்' ஏற்கெனவே குடியிருக்கிற வீடு என்பது உண்மைதான். முன்னால் 'புயல்' ஒட்டிக்கொண்டால் விலையேற்றத்தோடு குழம்பாது என்று நினைக்கிறேன். ஏற்றவற்றத்தின் ஏற்றமும் நீர் மட்டம் உயர்வதுதான், அது நமக்குச் சாதகம். யாழ் நண்பர் சொன்ன வெறுமையைப் போக்க, கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் 'காற்று தள்ளியதால் கடல் அல்லது ஏரியின் நீர்மட்டம் உயர்வது' என்று ஒரு விளக்கம் சேர்த்துவிடுகிறேன்.

இப்போதைக்குப் புயலேற்றம், புயல் ஓதம் இரண்டையும் கட்டுரையில் போடுகிறேன். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும், சொற்பட்டியலில் 'விவாதத்தில்' என்றே குறித்து வைக்கிறேன். அப்புறம், உயிர்ப்பலிப் பட்டியலில் 2017 மரியா இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் 2,975 பேர் என்பது புயலுக்குப் பிந்தைய மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த இறப்புகளின் கணக்கு. மின்சாரமும் மருத்துவமும் இல்லாமல் போனவர்களும் அதில் அடக்கம். 'மறைமுக இறப்பு' என்று எழுதினால் யாரோ மறைத்துவைத்தது போல இருக்கிறது. 'தொடர் இறப்பு', 'பின்விளைவு இறப்பு' என்று இரண்டு தோன்றுகின்றன, எனக்கு இரண்டாவது பரவாயில்லை. வேறு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.