மனைவிக்கும் மகனுக்கும் ஐடிஐஎன்: ரிட்டர்னுக்கு முன்பா, பின்பா?

வடக்குத்தெரு:
நான் எச்-1பி வேலை விசாவில், மனைவியும் நான்கு வயது மகனும் அதைச் சார்ந்த எச்-4 விசாவில். போன வருஷம் முழுக்க அமெரிக்காவில்தான் இருந்தோம். அவர்கள் இருவருக்கும் எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) கிடையாது. சேர்ந்து வருமான வரி ரிட்டர்ன் போட நினைக்கிறேன். முதலில் ஐடிஐஎன் (எஸ்எஸ்என் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) வாங்கிவிட வேண்டுமா? விண்ணப்பத்தோடு அசல் பாஸ்போர்ட்டை அனுப்பு என்கிறார் நண்பர். மே மாதம் ஊருக்குப் போகிறோம், அதனால் யோசனையாக இருக்கிறது.

கணக்கப்பிள்ளை:
தனியாக முன்கூட்டியே வாங்க முடியாது. ஐடிஐஎன் விண்ணப்பமான டபிள்யூ-7 படிவத்தை ஆளுக்கு ஒன்றாக நிரப்பி, ரிட்டர்னையும் சேர்த்து ஒரே உறையில் அனுப்ப வேண்டும். ரிட்டர்ன் படிவமான 1040-இல் அவர்கள் எண்ணுக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். ஆகவே இந்த வருஷம் இ-ஃபைல் கிடையாது, தாள்தான். வழக்கமான 1040 முகவரிக்கும் போடாதீர்கள், டபிள்யூ-7 குறிப்பேட்டில் உள்ள ஆஸ்டின் முகவரிக்குப் போக வேண்டும்.

பாஸ்போர்ட்டை நானாக இருந்தால் அனுப்பவே மாட்டேன். விண்ணப்பத்துக்குப் பதில் வரவே சாதாரணமாக 7 வாரம், வரி சீசனில் 9 முதல் 11 வாரம் ஆகும். மே பயணம் என்ன ஆவது? நோட்டரி நகலும் செல்லாது. சிஏஏ எனப்படும் அங்கீகார முகவரிடம் போனால் அசலைப் பார்த்துச் சான்று தந்துவிட்டு, பாஸ்போர்ட்டைக் கையிலேயே கொடுத்துவிடுவார். அவருக்குக் கட்டணம் உண்டு. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) உதவி மையங்கள் சிலவற்றில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் இலவசம். மகன் பாஸ்போர்ட்டில் அமெரிக்கா நுழைந்த தேதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது மட்டும் போதாது.

மழைமேகம்:
மகனுக்குச் சைல்டு டாக்ஸ் கிரெடிட் (குழந்தைக்கான வரிச்சலுகை) கிடைக்காது, அதற்கு எஸ்எஸ்என் வேண்டும். ஐடிஐஎன் இருந்தால் மற்ற சார்ந்தோருக்கான வரிச்சலுகை 500 டாலர் வரை கிடைக்கும். ஏமாற்றம்தான், ஆனால் விடாதீர்கள்.

வடக்குத்தெரு:
மிக்க நன்றி. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டுவிட்டது, மனைவிக்கு எச்-4 வேலை அனுமதி சீக்கிரம் வரலாம். காத்திருக்கலாமா?

கணக்கப்பிள்ளை:
அப்படியானால் கதை மாறுகிறது. எஸ்எஸ்என் பெறத் தகுதி வந்துவிட்டால் ஐடிஐஎன் கேட்கக் கூடாது. 4868 படிவம் போட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும், ஆனால் கட்ட வேண்டிய வரியை ஏப்ரல் 15-க்குள் கட்டிவிடுங்கள். அனுமதி கோடைக்குள் வரும் என்று தோன்றினால் நான் உங்கள் மனைவியின் எஸ்எஸ்என்னுக்காகக் காத்திருப்பேன். மகனுக்கான டபிள்யூ-7 எப்படியும் வேண்டும், அதையும் அதே ரிட்டர்னோடு வையுங்கள். இன்னொன்று, ஐடிஐஎன் வேலை செய்யும் உரிமை தராது. இடையில் யாராவது மனைவியை டியூஷன் எடுக்கக் கூப்பிட்டால் கவனம்.