ஒன்றரை வயதுப் பிள்ளையுடன் கடற்கரை: மணப்பாட்டில் அலை உண்டா, இல்லையா?

தெற்கு பஜார் அப்பா:
வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி நேற்று இங்கே கேட்டிருந்தார். மகளுக்கு ஒரு வயது ஏழு மாதமாம். திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு அப்படியே இரண்டு நாள் கடற்கரையில் தங்கி வரலாமா, எந்த ஊர் நல்லது என்று கேள்வி. அதற்கு மணப்பாட்டு மருமகள் எழுதிய பதில் இது: "மணப்பாட்டுக்கு வாங்க, அங்கே அலையே கிடையாது, பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம்."

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிற இடம் மணப்பாடு. அலையே இல்லையென்றால் அவர்கள் எதன் மேல் சறுக்குகிறார்கள்?

போன ஆனி மாதம் இப்படித்தான் சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு நாங்கள் அங்கே போனோம். மகனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தேன். முதலில் வந்ததெல்லாம் சின்ன அலைகள். அப்புறம் ஒன்று வந்தது, என் இடுப்புக்கு. பிள்ளை கை நழுவிவிட்டான். ஒரு நொடிதான், காலைப் பிடித்து இழுத்துவிட்டேன். வாயெல்லாம் மண். நான்கு மாதம் குளிக்கிற வாளியைக் கண்டாலே அழுதான். அலையே கிடையாது என்று இனி யாரும் எழுதாதீர்கள்.

மணப்பாட்டு மருமகள்:
அண்ணாச்சி, உங்கள் பிள்ளை பயந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீங்கள் நின்ற இடம் தப்பு. நான் சொன்னது கழியை. ஊருக்கும் மணல்திட்டுக்கும் நடுவே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். என் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் தவழ்ந்தார்கள். பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு பகல் வந்து போனவர் எனக்கு என் ஊரைச் சொல்லித் தர வேண்டாம். மணப்பாட்டில் அலை கிடையாது.

தெற்கு பஜார் அப்பா:
நேற்று எழுதியதில் கழி என்ற சொல்லே இல்லை. இன்றைக்குக் கேட்டதும் கழி முளைத்திருக்கிறது. சரி, கழியென்றே வைத்துக்கொள்வோம். கழிக்கு வாய் உண்டா இல்லையா? அந்த வாய் எங்கே திறக்கிறது? கடலில். தண்ணீர் வடிகிற நேரத்தில் அந்த வாயில் இழுக்கிற இழுப்பைப் பெரிய ஆள் தாங்குவதே கஷ்டம். ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று ஒரு தாய் எப்படி எழுதினீர்கள்?

திசையன்விளை டீச்சர்:
இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள், கேட்ட பெண்ணுக்குப் பதில் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை என்றால் உவரிதான். சுயம்புலிங்க சுவாமி கோவில், அந்தோனியார் கோவில், கப்பல் மாதா கோவில் எல்லாம் அந்த ஒரே கரையில் இருக்கிறது. கப்பலும் விமானமுமாகக் கட்டியிருக்கிற கோவிலைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் அழுகையை நிறுத்தும். திருச்செந்தூரும் மணப்பாடும் தூத்துக்குடி மாவட்டம். நம் மாவட்டக் கடலை விட்டுவிட்டு ஏன் அடுத்த மாவட்டத்துக்குப் போகவேண்டும்?

நாசரேத் தம்பி:
அக்கா, வண்ணார்பேட்டை அக்காவுக்கு ரெயில்தான் நல்லது. திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, எங்கள் நாசரேத், காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருக்கு ஒன்றரை மணி நேரம் அளவுதான் ஆகும். பிள்ளை நடுவில் எழுந்து நடக்கலாம், காரில் அது முடியாது. சாதாரண டயப்பரோடு தண்ணீரில் இறக்காதீர்கள். தண்ணீரைக் குடித்துக் கல்லு மாதிரி கனத்துத் தொங்கும். இடுக்கில் மண் புகுந்து தொடை புண்ணாகிவிடும். நீச்சலுக்கென்று தனி டயப்பர் கிடைக்கிறது, இல்லையென்றால் வெறும் ஜட்டி போதும்.

தெற்கு பஜார் அப்பா:
டீச்சர், உவரியிலும் திறந்த கடல்தான். அங்கேயும் அலை உண்டு. அப்புறம், திருச்செந்தூரை அடுத்த மாவட்டம் என்று எங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள். 1986 அக்டோபர் 20 வரைக்கும் அது திருநெல்வேலி மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் கோடு போட்டால் செந்திலாண்டவர் வேற்றூர்க்காரர் ஆகிவிடுவாரா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேதான்.

திசையன்விளை டீச்சர்:
பக்தியை நான் குறை சொல்லவில்லை. மாவட்டத்தைச் சொன்னேன். போன வருஷம் குற்றாலம் பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாக எழுதினீர்கள், அதை இன்னும் மறக்கவில்லை.

தெற்கு பஜார் அப்பா:
நானும் மறக்கவில்லை. சீசன் தொடங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லி நான்கு குடும்பம் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு வந்தோம். அதை விடுங்கள். மருமகள் இன்னும் பதில் சொல்லவில்லை. மணப்பாட்டில் அலை உண்டா, இல்லையா?

மணப்பாட்டு மருமகள்:
இல்லை. எத்தனை தடவை கேட்டாலும் இல்லை. 1542-ல் சவேரியார் வந்து தங்கிய குகையும், 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோவிலும் இருக்கிற மண் இது. செப்டம்பர் திருவிழாவுக்குக் கைப்பிள்ளையோடு வருகிற குடும்பங்கள் எத்தனை என்று வந்து எண்ணிப் பாருங்கள். எல்லோரும் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டா போகிறார்கள்?

அம்பை ஆச்சி:
எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கடல் எதற்கு? உப்புத் தண்ணீர் கண்ணில் படும், மொட்டைத் தலையில் வெயில் படும், மண்ணை அள்ளி வாயில் போடும். பாபநாசத்தில் தாமிரபரணி ஓடுகிறது. காலை நனைத்துவிட்டுக் கோவிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும். என் பிள்ளைகள் ஐந்து பேரும் ஆற்றில்தான் வளர்ந்தார்கள்.

மணப்பாட்டு மருமகள்:
ஆச்சி, ஆற்றில் இழுப்பு இல்லையா? 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் போனானே, அது கடலா?

தெற்கு பஜார் அப்பா:
அதே மே மாதம்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல் என்று ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். தூரத்துக் கடலில் எழுகிற அலை இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். கரையில் நிற்கிறவனுக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாது. ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம் இதற்கென்றே அறிவிப்பு விடுகிறது, செய்தியிலும் சொல்கிறார்கள். வண்ணார்பேட்டைத் தங்கச்சி முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். ஊர்ப்பெருமையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மணப்பாட்டு மருமகள்:
லெமூர் எங்கே, மணப்பாடு எங்கே? அது அரபிக்கடல் பக்கம், இது மன்னார் வளைகுடா. அண்ணாச்சிக்குக் கடலெல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது.

தெற்கு பஜார் அப்பா:
மன்னார் வளைகுடாவில் அலை வராது என்று யார் உங்களுக்குச் சொன்னது? 2004 டிசம்பர் 26 அன்று உங்கள் கரைக்கு என்ன வந்தது?

மணப்பாட்டு மருமகள்:
சுனாமியைக் கொண்டுவந்து அலைக் கணக்கில் சேர்க்கிறீர்கள். அதைக் கண்ணால் பார்த்த குடும்பம் எங்களுடையது. இதை நான் மன்னிக்கமாட்டேன்.

நாசரேத் தம்பி:
அக்கா, அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்கள். கேட்டவர் இரண்டு நாளுக்கு என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார். என் தங்கை மகளை வைத்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காலையில் ஆறிலிருந்து எட்டரை வரை, சாயந்திரம் ஐந்துக்கு மேல். நடுப்பகல் முழுக்க அறையில். தலைக்கு நல்ல அகலமான பருத்தித் தொப்பி, மொட்டை போட்ட தலை வெயிலில் சீக்கிரம் கன்றிவிடும். சந்தனம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்று கொண்டுபோய்க் கரையிலிருந்து தள்ளி வைத்து, அதில் நான்கு குவளைத் தண்ணீர் ஊற்றினோம். பிள்ளை ஒரு மணி நேரம் அதிலேயே இருந்தாள், கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டப்பிலும் கண்ணை எடுக்கக்கூடாது, ஒரு சாண் தண்ணீரே இந்த வயசுக்கு ஆபத்து.

அம்பை ஆச்சி:
டப்பில் உட்கார வைக்க அறுபது கிலோமீட்டர் போகவேண்டுமா? அதை வண்ணார்பேட்டை மொட்டைமாடியிலேயே வைக்கலாம்.

வண்ணார்பேட்டை அம்மா:
ஆச்சி, என் வீட்டுக்காரர் கடலைப் பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவருக்கு வருஷத்தில் கிடைக்கிற லீவு அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். வெளியே வாங்கினால் அவளுக்கு வயிறு சரியில்லாமல் போகிறது.

திசையன்விளை டீச்சர்:
சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துக்கொள் அம்மா. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துத் திரித்த மாவு இருந்தால் பத்து நிமிஷத்தில் கஞ்சி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடு. இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொஞ்சம் சேர்க்கலாம்.

மணப்பாட்டு மருமகள்:
கருப்பட்டி என்று விற்கிறதில் பாதி சர்க்கரைப்பாகு. எங்கள் பக்கத்து ஊர் என்பதால் தெரிந்து சொல்கிறேன். பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

திசையன்விளை டீச்சர்:
நான் கடையில் வாங்குகிறவள் இல்லை. பனை ஏறுகிறவர் வீட்டிலிருந்து வாங்குகிறேன். நல்ல கருப்பட்டி எது என்று எனக்குத் தெரியாதா? புவிசார் குறியீடு வாங்கிய பொருளை இப்படிப் பேசுவது பனைத் தொழிலாளிகளுக்குச் செய்கிற துரோகம்.

மணப்பாட்டு மருமகள்:
துரோகம் என்கிற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். என் மாமனாரே பனை ஏறியவர்.

தெற்கு பஜார் அப்பா:
கருப்பட்டியைப் பற்றி நாளைக்குப் பேசலாம். இந்தத் தங்கச்சி எந்த மாதம் போகிறார் என்று யாராவது கேட்டீர்களா? ஆனியும் ஆடியும் தென்மேற்குக் காற்றுக் காலம். அம்மியைப் பறக்க வைக்கிற காற்று, கடற்கரை மணலைச் சும்மா விடுமா? பெரியவர்களே கண்ணைத் திறக்க முடியாது. தை, மாசி என்றால் காற்றும் வெயிலும் குறைவு. அப்போதும் திருச்செந்தூரில் கோவிலுக்கு முன்னால் இறங்கக்கூடாது. அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கிப் பாறை தெரிகிறது, அந்தப் பாறையெல்லாம் பாசி. உள்ளே போன தண்ணீர் திரும்பி வரும். பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கடலைக் காட்டிவிட்டு மேலே வந்துவிடவேண்டியதுதான். இதை எழுத எனக்கு ஊர்ப்பெருமை குறுக்கே வரவில்லை. எங்கள் முருகன் ஊர்தான் அது, அங்கேயும் அலை உண்டு என்றுதான் சொல்கிறேன். மருமகளால் மட்டும் அந்த ஒரு சொல்லை எழுத முடியவில்லை.

வண்ணார்பேட்டை அம்மா:
நாங்கள் போவது ஆனி கடைசியில், அண்ணாச்சி. லீவு அப்போதுதான்.

தெற்கு பஜார் அப்பா:
அப்படியென்றால் மணப்பாடு வேண்டவே வேண்டாம். மொட்டை போட்டுவிட்டு நாழிக்கிணற்றைக் காட்டுங்கள், சாயந்திர ரெயிலில் திரும்பிவிடுங்கள். இரண்டு நாள் தங்குவதை மாசிக்குத் தள்ளி வையுங்கள்.

மணப்பாட்டு மருமகள்:
அவர்கள் அறை பேசி முடித்துவிட்டதாக எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நானே கூடப் போய்க் கழியில் இறக்கிவிடுகிறேன், நானே கையைப் பிடித்துக்கொள்கிறேன். பிள்ளை சிரித்துக்கொண்டே திரும்பும், போட்டோவை இங்கே போடுகிறேன்.

தெற்கு பஜார் அப்பா:
முதலில் பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்றீர்கள். இப்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். அலையே இல்லாத இடத்தில் கையைப் பிடிப்பது எதற்கு?

மணப்பாட்டு மருமகள்:
சின்னப் பிள்ளையை எங்கே கொண்டுபோனாலும் கையைப் பிடிக்கத்தான் வேண்டும். வாளித் தண்ணீரிலும் பிடிக்கவேண்டும். கழியில் ஆனியிலும் அலை கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் வந்து பாருங்கள்.

தெற்கு பஜார் அப்பா:
போன ஆனியில் வந்தேன் தாயி. அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.