டக் போட் போட்டோ எடுக்க கொச்சி போறேன், எங்க நிக்கணும்?

கரைவலை:
வணக்கம் நண்பர்களே. எனக்கு பெரிய கப்பலை விட அதை இழுத்துட்டு வர்ற டக் (இழுவைப் படகு) மேலதான் எப்பவும் கண்ணு. சென்னைல பாஸ் இல்லாம ஹார்பர் உள்ள விடமாட்டாங்க, கேமரான்னா இன்னும் கெடுபிடி, அதான் ஜனவரில கொச்சி போலாம்னு இருக்கேன். கைல தூரத்துல இருக்குறத எடுக்குற 70-300 லென்ஸ் இருக்கு. ஜெட்டில கட்டிப்போட்ட டக் படம் வேண்டாம், வேலை பாக்குறப்ப எடுக்கணும். எந்த இடம், எந்த நேரம் நல்லது?

காயல்காத்து:
ஃபோர்ட் கொச்சி போங்க, சீன வலை இருக்குற கரையோர நடைபாதை. துறைமுக வாயே ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவுலதான், வல்லார்பாடம் போற கன்டெய்னர் கப்பல் எல்லாம் உங்க மூக்குக்கு முன்னாடிதான் போகும், 70-300ல அடங்காது, ஒரு வைடு லென்ஸும் வச்சுக்கோங்க. இது வாய்க்காலோட தெக்குக் கரை, ஜனவரில சூரியன் தெக்கால சாஞ்சு போறதால வெளிச்சம் பகல் பூரா உங்க முதுகுப் பக்கம், டக்கோட பெயிண்ட், முன்மூக்குல இருக்குற கருப்பு ரப்பர் எல்லாம் தெளிவா விழும். ரோ-ரோ (வண்டி ஏத்துற படகு) ஏறி அக்கரை வைப்பின் போனா அதே கப்பல் வெறும் நிழலா நிக்கும். ஒண்ணு மட்டும், இது நேவி ஊரு, போர்க்கப்பல் பக்கம் கேமராவ திருப்பாதீங்க, ட்ரோன் நெனப்பே வேண்டாம்.

வடக்கயிறு:
மேல சொன்னது கரெக்ட். நேரத்துக்கு நான் சொல்றேன், டக்கை தேடாதீங்க, கப்பலை தேடுங்க. மரைன் டிராஃபிக் ஆப்ல உள்ள வரப்போற கப்பல் எதுன்னு பாத்து வச்சுக்கோங்க, பைலட் போட் (கப்பலுக்கு வழிகாட்டுறவர ஏத்திட்டுப் போற படகு) வெளிய கிளம்புச்சுன்னா நீங்களும் ரெடியாகணும், டக்கும் பின்னாடியே வந்துரும். மொதல்ல கப்பல் மேல இருந்து ஒரு மெல்லிசு கயிறு வீசுவாங்க, டக் டெக்ல ஒருத்தர் புடிச்சு பெரிய வடத்தை அதுல கட்டுவார், கப்பல்காரங்க மேல இழுத்துப்பாங்க, அந்த ஆள் அண்ணாந்து பாக்குறாரே அந்த செகண்ட விட்றாதீங்க. அப்புறம் கப்பலோட பின்பக்கம் இருக்குற டக்க கவனிங்க, பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதி அதோட கைலதான், வடம் விறைச்சதும் டக் ஒரு பக்கமா சாயும், பின்னாடி தண்ணி வெள்ளையா கொதிக்கும். ஷட்டர் ஸ்பீடு 1/500க்கு கீழ போகாதீங்க. ஐஎம்ஓ நம்பர் (கப்பலுக்குன்னு குடுக்குற அடையாள நம்பர்) இருந்தா குறிச்சு வைங்க, டக்கை வித்தா பேரும் கலரும் மாறும், அந்த நம்பர் மாறாது.

மாஸ்நதி:
நான் நெதர்லாந்துல இருக்கேன். இங்க ரோட்டர்டாம் போற கப்பலுக்கு மாஸ்லெளஸ்னு ஒரு சின்ன ஊர்தான் நல்ல இடம், ஆனா கொச்சிக்கு நேர் எதிர், ஊர் வடக்குக் கரைல இருக்கு, பகல்ல வெயில் மூஞ்சில அடிக்கும். படகுல அக்கரை ரோசன்பர்க் போயிட்டா வெளிச்சம் சரியாயிடும், இல்லன்னா ஜூன் மாச சாயங்காலம் வரணும், அப்ப சூரியன் வடமேற்குல இறங்கும். மாஸ்லெளஸ்லயே டக்குக்குன்னு தனி மியூசியம் இருக்கு, 1916ல கட்டுன ஃபூரி நீராவி டக், 1939ல கட்டுன ஹட்சன்னு பழசுங்க எல்லாம் அந்த ஊர்லயே நிக்குது. இந்தப் பக்கம் வர்றவங்க ஒரு நாள் ஒதுக்குங்க.

கரைவலை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், எந்தக் கரைன்னு நான் யோசிக்கவே இல்ல. இருட்டுனப்புறம் தூரத்துல வர்றது டக்தான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

வடக்கயிறு:
விளக்க பாருங்க. பின்னாடி எதையாவது இழுத்துட்டு வந்தா மாஸ்ட்ல ரெண்டு வெள்ளை விளக்கு மேலயும் கீழயும் இருக்கும், இழுவை 200 மீட்டர் தாண்டுனா மூணு. பின்பக்கம் வெள்ளைக்கு மேல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். மூணு பாத்தீங்கன்னா உடனே ஷட்டர் அழுத்தாதீங்க, பின்னாடி இழுபட்டு வர்ற பார்ஜ் (சரக்கு ஏத்துற தட்டைப் படகு) எங்க வருதுன்னு பாத்து ரெண்டும் சேர்ந்து வர்ற மாதிரி வைடுல எடுங்க.