தேயிலை மலைப் பின்னணி: எடிட் பண்ணினதும் மங்கல் கெட்டுப்போகுது, முகம் மெழுகாகுது

ஹட்டன்_கெமரா:
நுவரெலியா பக்கம் எடுத்த மணப்பெண் போட்ரேட். 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, மழை விட்ட காலை வெயில். கெமரா திரையில பின்னாடி ஈர இலையெல்லாம் மெதுவான வட்டங்களா இருந்தது. லைட்ரூம் எடிட்டிங் மென்பொருள்ல கிளாரிட்டி +35, டீஹேஸ் (பனிமூட்டத்தைக் குறைக்கிறது) +25, ஷார்ப்னிங் (கூர்மை) 90, ஷேடோஸ் (இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்குறது) +70 போட்டேன். இப்ப வட்டத்தைச் சுத்திக் கோடு, இருட்டில நொய்ஸ் (புள்ளி புள்ளியாத் தெரியிறது), தலைமுடி ஓரத்தில வெள்ளை விளிம்பு. முகத்துக்கு ஸ்மூத் பிரஷ் போட்டா தோலே இல்லாத மாதிரி இருக்கு. வீட்டுக்காரங்களுக்குப் படம் "பளிச்"னு வேணுமாம். ரோ ஃபைல் (கெமரா பதிஞ்ச மூலக் கோப்பு) கையில இருக்கு. எங்கே பிழை?

பனிமூட்டம்:
நாலையும் முழுப் படத்துக்கும் போட்டதுதான் பிழை. கிளாரிட்டி, பக்கத்துப் பக்கத்தில இருக்கிற வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டும். ஃபோக்கஸுக்கு வெளியே விழுந்த ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு வட்டம். அதோட ஓரம் மெல்லக் கரைஞ்சாத்தான் மங்கல் அழகு. கிளாரிட்டி அந்த ஓரத்தையே தேடிப்பிடிச்சு அழுத்திவிடும். சில லென்ஸ்ல வட்டத்தோட விளிம்பு இயல்பாவே கொஞ்சம் பிரகாசம். அதுல +35 போட்டா கேக்கவே வேணாம்.

எல்லாத்தையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாங்க. ஆளை மட்டும் பிடிக்கிற மாஸ்க் (மாற்றம் எந்த இடத்தில மட்டும் விழணும்னு குறிக்கிற தேர்வு) ஒண்ணு, அதைத் தலைகீழாக்கிப் பின்னணிக்கு ஒண்ணு. கண், நகை, சேலைக் கரைக்கு மட்டும் டெக்ஸ்சர் (நுண்விவரம்) +10, கிளாரிட்டி +8 போதும். பின்னணிக்கு டெக்ஸ்சர் -15, கிளாரிட்டி -10. அதுக்குக் கீழே இறக்கினா சோப்பு நுரை பூசின மாதிரி ஒரு ஒளிர்வு வரும்.

ஷார்ப்னிங் 45, ரேடியஸ் 1.0. ஆல்ட் விசையை அமுக்கிக்கிட்டு மாஸ்கிங் ஸ்லைடரை இழுத்தா படம் கறுப்பு வெள்ளையாத் தெரியும். பின்னணி முழுக்கக் கறுப்பாகும் வரைக்கும் ஏத்துங்க, பெரும்பாலும் 70க்கு மேல வரும். இமை, உதடு, ஜரிகை மட்டும் வெள்ளையா நிக்கணும். மாஸ்கிங் 0ல கிடந்தா ஷார்ப்னிங் பின்னணியில கூர்மையாக்குறது இலையை இல்ல, நொய்ஸைத்தான். ஷேடோஸை +20க்கு இறக்கிட்டு, முகத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர் +0.3லிருந்து +0.5.

டீஹேஸ் நம்ம மலைக்கு வேண்டவே வேண்டாம். பனிதான் தூரத்து மலையைத் தூரத்தில நிக்க வைக்குது. அதைத் துடைச்சா எதிர்மலை பொண்ணோட தோளுக்குப் பின்னாலயே வந்து ஒட்டிக்கும். வெள்ளைப் பனிக்கு எதிரே கறுப்பு முடி இருக்கிற இடத்தில, அந்த வெள்ளை விளிம்புக்கும் காரணம் இதுவும் கிளாரிட்டியும்தான்.

கொழுந்து_ஸ்டூடியோ:
முகத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். தேயிலைக்கு நடுவில நிக்கிற ஆளோட தாடைக்குக் கீழேயும் கழுத்திலயும் பச்சை ஒளி அடிச்சிருக்கும். அதை எடுக்காம நிறத்தை ஏத்தினா ஆள் நோயாளி மாதிரித் தெரிவாங்க. தாடை, கழுத்துக்கு மட்டும் பிரஷ் எடுத்து டின்ட்டை மஜென்டா பக்கம் +8 அளவுக்குத் தள்ளுங்க, சாச்சுரேஷன் -10.

"பளிச்"னு கேட்டாங்கன்னு ஆரஞ்சு லூமினன்ஸை (அந்த நிறத்தோட பிரகாசத்தை) +40க்கு ஏத்துறவங்க நிறையப் பேர். நம்ம தோல் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுலதான் விழும். அதை ஏத்தினா கன்னத்தில இருக்கிற நிழல் போய் முகம் தட்டையாகிச் சாம்பல் பூத்துப்போகும். பின்னாடி இருக்கிற செம்மண் பாதையும் சேர்ந்து வெளிறும். பொண்ணோட நிறத்தை மாத்தித் தர்றது எடிட்டரோட வேலையே இல்ல. வெளிச்சம் கூட வேணும்னா பின்னணியை -0.3 இறக்குங்க, முகம் தானா எடுப்பாத் தெரியும்.

ஸ்மூத் பிரஷ்ஷை விடுங்க. பருவை ஹீலிங்கால எடுத்துட்டு, போட்டோஷாப்ல 50% சாம்பல் லேயரை சாஃப்ட் லைட்ல வச்சு, ஃப்ளோ 2% வெள்ளை, கறுப்பு பிரஷ்ஷால கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைச் சமப்படுத்துங்க. நேரம் எடுக்கும், ஆனா தோல் தோலாவே இருக்கும்.

ஹட்டன்_கெமரா:
ரெண்டு பேருக்கும் நன்றி. சில படங்கள்ல செடி ரொம்பக் கிட்ட, மங்கல் போதல்ல. லைட்ரூமோட லென்ஸ் ப்ளர் (செயற்கை மங்கல்) போட்டுக் கூட்டலாமா?

எதிர்மலை:
கொஞ்சமாப் போடலாம். ஏன் போதல்லன்னு கணக்குப் பாருங்க. 85ஐ 1.8ஆல வகுத்தா துவாரம் சுமார் 47 மி.மீ. ஆள் 2 மீட்டர்ல, செடி 3 மீட்டர்ல இருந்தா, ஒவ்வொரு துளியோட வட்டமும் முகம் இருக்கிற இடத்தில அளந்தா சுமார் 16 மி.மீ., அதாவது கருவிழியை விடக் கொஞ்சம்தான் பெருசு. அந்த அளவில இலையும் காம்பும் பாதி அடையாளம் தெரிஞ்சு கண்ணை உறுத்தும். செடி 12 மீட்டர்ல இருந்தா 39 மி.மீ. சரிவில நாலு எட்டு மேல ஏறி, எதிர்மலை பின்னணியா வர்ற மாதிரி ஆளை நிறுத்தினா இந்தக் கேள்வியே வராது.

எடுத்த படத்துக்கு வழி: லென்ஸ் ப்ளரை 20, 25க்கு மேல ஏத்தாதீங்க. ஏத்தினதும் 100% பெருசாக்கி மூணு இடம் பாருங்க: ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில, கைக்கும் இடுப்புக்கும் நடுவில, மல்லிகைச் சரத்தோட ஓரம். முதல் ரெண்டு இடைவெளியிலயும் தேயிலை இலை கூர்மையா அப்படியே நிக்கும். பிரஷ்ஷால கையாலதான் சேர்க்கணும். மல்லிகை ஓரம் பின்னணியோட சேர்ந்து கரைஞ்சிருந்தா திருப்பிக் கூர்மைக்கு எடுங்க. முழு உயரப் படம்னா காலடி மண் கூர்மையா இருந்து பின்னால போகப் போக மங்கணும், இல்லன்னா ஆளை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும்.

செயற்கை மங்கல் நொய்ஸையும் சேர்த்துத் துடைச்சிடும். கடைசியா முழுப் படத்துக்கும் கிரெய்ன் (ஃபிலிம் மாதிரி நுண்புள்ளி) 10 போட்டா ஆளும் பின்னணியும் ஒரே படத்தில இருக்கிற மாதிரி வரும்.

பனிமூட்டம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. போட்டோஷாப்புக்கு அனுப்பும்போது 16 பிட்ல அனுப்புங்க. 8 பிட்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான்; பனி வானத்தைக் கொஞ்சம் இழுத்தாலே பட்டை பட்டையாக் கோடு விழும். ஜேபெக் ஆக்குறது எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு. வீட்டுக்காரங்களுக்கு வட்ஸ்அப்ல அனுப்புறதா இருந்தா டொகியுமென்டா அனுப்புங்க, படமா அனுப்பினா அது திரும்பச் சுருக்கி அதே பட்டையைக் கொண்டுவரும்.