டைமிங்: பற்றவைப்பு நேரமா, பொறிக்கோணமா?

நண்பர்களுக்கு வணக்கம். எஞ்சினில் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி எப்போது விழுகிறது என்பதுதான் இக்னிஷன் டைமிங். அது முந்தினால் அட்வான்ஸ், பிந்தினால் ரிட்டார்ட். நம் அகராதிக்கு இவற்றுக்காக முன்வைக்கப்பட்ட சொற்கள்:

> இக்னிஷன் டைமிங் – பற்றவைப்பு நேரம்
> அட்வான்ஸ் – முன்னேற்றம்
> ரிட்டார்ட் – தாமதம்

இந்த மூன்றில் முதல் இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. என் அம்பாசடரோடு பட்ட பாட்டிலிருந்தே காரணத்தைச் சொல்கிறேன்.

பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சிலிண்டரைப் போர் போட்டு (உட்சுவரைக் கடைந்து), புது பிஸ்டன், புது பாயின்ட் (திறக்கும்போது தீப்பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு) எல்லாம் மாற்றி வண்டியில் ஏற்றினோம். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. அப்புறம் மேட்டில் இழுவை இல்லை, ரேடியேட்டர் கொதித்தது, இருட்டில் பானெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிவப்பாகக் கனன்றது. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினோம், தெர்மோஸ்டாட்டை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பாயின்ட்டுக்குள் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டபோதுதான் தெரிந்தது. 0.015 அங்குலம் வைத்த இடைவெளி பாதிகூட இல்லை. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயின்ட்டைத் திறக்கும் கேமில் கிரீஸ் தடவ மறந்திருக்கிறோம். அதில் உரசும் ஃபைபர் கட்டை தேய்ந்துவிட்டது. இடைவெளி சுருங்கினால் பாயின்ட் திறப்பது பிந்தும், பொறியும் பிந்தும். பிஸ்டன் கீழே இறங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வழியே போய்விடும்.

இடைவெளியைச் சரிசெய்து டைமிங் வைக்கும்போது, கூட நின்று வேலை பழகும் பையன் கேட்டான்: “டைமிங்னா எத்தனை செகண்டுண்ணே?”

நியாயமான கேள்வி. ஆனால் செகண்டில் அதற்குப் பதிலே கிடையாது. பிஸ்டன் உச்சிநிலைக்கு வருவதற்கு, கிராங்க் சுழற்சியில் 10 டிகிரி முன்னால் பொறி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 900 சுற்றில் அந்த 10 டிகிரி சுமார் 1.85 மில்லி விநாடி. 3000 சுற்றில் 0.56 மில்லி விநாடிதான். நேரம் மாறுகிறது, கோணம் மாறவில்லை. கிராங்க் புல்லியில் நாம் பார்க்கும் குறியும் கோணம்தான். அதனால் என் பரிந்துரை பொறிக்கோணம்.

‘பொறி’ என்றால் இயந்திரம் என்றும் பொருள் வருமே என்று கேட்பீர்கள். உண்மைதான். அகராதியில் ‘தீப்பொறிக்கோணம்’ என்று முழுதாகப் பதிவோம், புழக்கத்தில் சுருங்கிக்கொள்ளட்டும். விளக்கத்தில் ‘கிராங்க் சுழற்சியில் அளப்பது’ என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாதி வேகத்தில் சுற்றுவதால் அதை 1 டிகிரி திருப்பினால் கிராங்கில் 2 டிகிரி நகரும். பழகுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

‘முன்னேற்றம்’ எனக்கு ஒப்பவே இல்லை. படிப்பவர் எஞ்சின் தேறிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அந்த இணையைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? அட்வான்ஸுக்கு முந்தல், ரிட்டார்டுக்குப் பிந்தல். ‘தாமதம்’ தப்பில்லை, ஆனால் முந்தலுக்கு ஜோடி பிந்தல்தான். “ரெண்டு டிகிரி முந்த வை” என்று பட்டறையில் வாய்விட்டுச் சொல்லலாம். வேகம் கூடக் கூட டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக்குண்டுகள் விரிந்து தருவது சுழல்முந்தல், எஞ்சின் காற்றை இழுக்கும் வாக்குவம் தருவது வெற்றிட முந்தல்.

டுவெல் ஆங்கிளுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. பாயின்ட் மூடியிருக்கும் வரை கேம் சுற்றும் கோணம் அது. ‘மூடுகோணம்’ என்று எழுதிப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது என்பது அதில் வரவில்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றுகிறதா?