பூட்டா, கேமராவா? பல வேலை பார்க்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கு எச்.எஸ். கோட் போட்ட அனுபவங்கள்

காக்கி புக்கிட் கடைக்காரன்

டிஜிட்டல் பூட்டுதான், வீவக (அரசு அடுக்குமாடி) வாசல் கதவுக்குப் போடும் அதே வகை. ஆனால் இந்த மாடலில் விரல்ரேகையோடு சின்ன கேமரா, வெளியே நிற்பவரிடம் பேச மைக், உடைக்கப் பார்த்தால் அலறும் சைரன், வைஃபை எல்லாம் ஒரே உடம்பில். ஷென்செனிலிருந்து நாற்பது பெட்டி. விமானத்தில் வந்து சிங்கப்பூர் சாங்கியில் இறங்க இரண்டு நாள் இருக்கிறது. இன்வாய்ஸில் சப்ளையர் எழுதியிருந்தது ‘ஸ்மார்ட் செக்யூரிட்டி டிவைஸ்’, அவ்வளவுதான்.

இறக்குமதி பெர்மிட் போடும் அக்கா போன் செய்தார். அதில் எச்.எஸ். கோட், அதாவது சரக்கு என்ன வகை என்று சுங்கத்துறைக்குச் சொல்லும் எண், போட வேண்டும். இருபது வருடமாக அவருக்கு இதே வேலை. “தம்பி, இது பூட்டா, கேமராவா, இன்டர்காமா, அலாரமா?”

“எல்லாம்தான் அக்கா.”

“எல்லாம்னு ஒரு கோட் இல்லையே தம்பி. சாம்பிள் இருந்தா எடுத்துட்டு வா.”

எடுத்துக்கொண்டு போனேன். மேசை மேல் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “கேமரா மட்டும் கெட்டுப்போனா உன் கஸ்டமர் என்ன செய்வாரு? பூட்டு மட்டும் கெட்டுப்போனா என்ன செய்வாரு?” என்றார்.

பூட்டு கெட்டால் வீட்டுக்குள் போக முடியாது, நடு ராத்திரியிலும் எனக்குப் போன் வரும். கேமரா கெட்டால் வாரண்டி கேட்டு வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும். “அப்ப பூட்டுதான்” என்று பூட்டுகளுக்கான 8301இல் போட்டார். சரக்கு வந்துவிட்டது, எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் என்னிடம் வாங்குபவர்களில் பாதிப் பேர் கேமராவுக்காகத்தான் அந்த மாடலைக் கேட்கிறார்கள். அதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. மறைத்துவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

வரியில்லா ஊர்

இதற்கா இவ்வளவு யோசனை? இந்த ஊரில் சுங்கத் தீர்வை மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள் இவற்றுக்குத்தான். பூட்டோ கேமராவோ, 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 18,000 வெள்ளிச் சரக்கென்றால் 1,620 வெள்ளி கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். நான் பல வருடம் எது வந்தாலும் 8543இல் ‘மற்றவை’ என்று போட்டு ஓட்டியவன்.

ஒரே ஒரு முறை பழைய இன்வாய்ஸ் கேட்டுக் கடிதம் வந்தது. ஐந்து வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டுமே, வைத்துத்தான் இருந்தேன், ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியில். திறந்தால் ஃபேக்ஸ் தாள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எழுத்து மொத்தமாக அழிந்துவிட்டது. அந்த வெள்ளைத் தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என் மனைவி எண்களைத் தேடியது மறக்காது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுகிறேன். கோட் மட்டும் அதே பழைய கோட்தான், ஹி ஹி.

இராப்பார்வை

மேலே சொன்னவர் இன்னும் 8543 போடுகிறார் என்றால் அவருக்குத் தைரியம் அதிகம். கோட் என்பது வரிக்காக மட்டும் இல்லை. எந்த அமைப்பின் அனுமதி வேண்டும் என்று கேட்பதும் அதை வைத்துத்தான்.

என் கதை 2022 ஜனவரி. அதுவரை சிசிடிவி என்றால் 8525.80 என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அந்த மாதம் புதிய எச்.எஸ். பட்டியல் வந்தது, 8525.80 போய் நான்காகப் பிரிந்துவிட்டது: 81, 82, 83, 89. 83 இராப்பார்வைக் கேமரா. என் பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் ‘நைட் விஷன்’ என்று போட்டிருந்தான். அப்புறம் என்ன, 83 போட்டேன். கேமராவோடு ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் பி.ஐ.ஆர். சென்சார், சைரன், விளக்கு எல்லாம் சேர்ந்த வெளிச்சுவர் மாடல் அது.

வாங்கிய நிறுவனத்தின் இஞ்சினியர் தம்பி ஒருவர் பெர்மிட் நகலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, இதுல போட்டோகேத்தோடு எங்கண்ணே இருக்கு? சுத்தி நாலு இன்ஃப்ரா ரெட் எல்.இ.டி.தானே வச்சிருக்கான்?” உண்மைதான். 83க்கு உரிய குறிப்பில் இருக்கும் வெளிச்சத்தை போட்டோகேத்தோடு வழியாக எலெக்ட்ரானாக மாற்றிப் பெருக்கும் கேமரா என்று தெளிவாகவே இருக்கிறது. வெப்பப் படக் கேமராகூட அதில் வராது. என்னுடையது 89தான். எண்பது வெள்ளிக் கேமராவை ராணுவக் கருவி பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, பெர்மிட்டைத் திருத்த அலைந்தேன். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பியது என் தப்பு.

கோபித்தியாம் அக்கா

நான் வியாபாரி இல்லை. என் அக்கா மகள் நர்ஸ், இராப் பணி. அவளுக்காக ஆன்லைனில் ‘பெண்கள் பாதுகாப்புக் கருவி, நான்கு வேலை’ என்று ஒன்று வாங்கினேன். டார்ச், அலாரம், கண்ணாடி உடைக்கும் முனை. நாலாவது என்ன என்று நான் படிக்கவில்லை. விலை 400 வெள்ளிக்குக் கீழே, வரியும் வாங்கும்போதே கட்டியாகிவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பொருள் வரவில்லை, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த நாலாவது வேலை மின் அதிர்ச்சி. உரிமம் இல்லாமல் அதை இங்கே கொண்டுவரக் கூடாது. கவுண்டரில் இருந்த அதிகாரி மிக மரியாதையாக, “அம்மா, இது டார்ச் இல்லை, ஆயுதம்” என்றார். எனக்கு வயது 58. ஆயுதம் இறக்குமதி செய்தவளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொருளை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா மகளிடம் ‘ஸ்டாக் இல்லையாம்’ என்று சொல்லியிருக்கிறேன்.

விதி மூன்று

என் அனுபவம் சின்னது. 2020இல் சர்க்கிட் பிரேக்கர் (கொவிட் முடக்கம்) முடிந்து அலுவலகங்கள் திறந்தபோது, முகத்தைப் பார்த்துக் கதவு திறந்து உடல் வெப்பமும் சொல்லும் கருவிகளை இறக்கினோம். ஒருவர் வெப்பமானி 9025 என்றார், ஒருவர் கேமரா என்றார். சண்டையிலேயே மூன்று நாள் போனது.

இங்கே பேசியதில் சில தப்புகள் இருக்கின்றன, சொல்லிவிடுகிறேன். ‘முக்கிய வேலை எதுவோ அந்தக் கோட்’ என்று எல்லாரும் சொல்வது எச்.எஸ். பட்டியலில் பதினாறாம் பிரிவின் குறிப்பு 3. அது 84, 85 அத்தியாய இயந்திரங்களுக்கு. சைரன் உள்ள கேமராவுக்கு அதைப் பயன்படுத்தலாம்: கேமராவா, 8531 அலாரமா, எது பிரதானமோ அது. ஆனால் 8301 பூட்டு பதினைந்தாம் பிரிவு, உலோகப் பொருள். மின்சாரத்தில் இயங்கும் பூட்டையும் அந்தத் தலைப்பே பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆகவே பூட்டோடு கேமரா சேர்ந்தால் குறிப்பு 3 போதாது, பொது விதி 3(ஆ)வுக்குப் போக வேண்டும், அதாவது அந்தப் பொருளுக்கு அடிப்படைத் தன்மையைத் தருவது எது என்பது. அதிலும் முடிவு வரவில்லை என்றால் 3(இ): போட்டியில் உள்ள தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவது. 8301 பூட்டு, 8517 இன்டர்காம், 8525 கேமரா மூன்றும் சமபலம் என்றால் 8525. கடைக்காரர் அந்த அக்காவிடம் கேமரா விஷயத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. பூட்டு என்று கோட் போட்டால் வைஃபை மறைந்துவிடாது. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான பதிவும் விற்பவருக்கான உரிமமும் தனிக் கதை, தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தைப் பார்க்க வேண்டும்.

‘வரியில்லா ஊர்’ சொன்னதும் இங்கே மட்டும்தான் சரி. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. இதே பெட்டியைச் சென்னைக்கு அனுப்பிப் பாருங்கள், அங்கே தீர்வை உண்டு. நீங்கள் போட்ட ‘மற்றவை’யை வாங்குபவர் விளக்கிக்கொண்டு நிற்பார். சந்தேகம் இருந்தால் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே வகைப்படுத்தல் தீர்ப்பு கேட்கலாம். பொருளுக்கு 75 வெள்ளி. கேட்டலாக், சர்க்கிட் படம், எது இல்லாமல் எது இயங்கும் என்ற விவரம் எல்லாம் கொடுங்கள். படம் மட்டும் அனுப்பினால் போதாது.

வரியில்லா ஊர்

விதி சார், மூணு நாள் சண்டைக்குப் பிறகு எந்தக் கோட் போட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே?

விதி மூன்று

நான் அப்போது கிடங்கில் இருந்தேன். பெர்மிட் போட்டது வேறு பிரிவு.

காக்கி புக்கிட் கடைக்காரன்

பெர்மிட் போடும் அக்காவுக்கு இன்று போன் செய்து சொல்லிவிட்டேன், பாதிப் பேர் கேமராவுக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கேமராவுக்காக வாங்குறவங்க எதுக்குத் தம்பி கதவுல ஓட்டை போடறாங்க? சுவத்துல மாட்டிக்கலாமே” என்றார். தீர்ப்பு கேட்டு எழுதலாம், 75 வெள்ளி நான் தருகிறேன் என்றேன். சாம்பிளை மறுபடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அதை என் வீட்டு வாசலில் மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.